பன்னீர் திராட்சையும் பிரெஞ்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் பெருஞ்சாலையில், மோட்டார்த் தொழிற்சாலைகளில் வேலைமுறை மாறும் நேரத்தில் பழவண்டிகள் நிற்பதைக் காணலாம். அவ்வண்டிகளில் விற்கப்படும் பழங்களுள் ஒன்று, கருநீல நிறமும் விதையும் நல்ல வாசனையும் உடைய பன்னீர் திராட்சையாகும். இது இவ்வட்டாரத்தில் விளைந்ததன்று. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தெற்கே, தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் வருவது. இங்கு இன்னும் கழனியும் கொல்லையும் வைத்துப் பயிர் செய்துவரும் நிலச்சுவான்தார்கள், "இப்பழத்தை நாமே விளைவித்தால் லாரி வாடகையாவது மிச்சமாகாதா?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கூறுமுன், இதே கொடியைப் பயிர் செய்யும் வேறொரு தேசத்தார் அதனைக் கொண்டு என்ன செய்தனர், எவ்வளவு நஷ்டப்பட்டு எதனைக் கற்றனர் என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

பன்னீர் திராட்சை என்று நாம் வழங்குவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். இதனைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்ததாகக் கம்பம் பகுதியில் சொல்லி வருகின்றனர். பிரெஞ்சு தேசத்தின் தென்கிழக்கில் வோக்ளூஸ் என்னும் ஜில்லா ஒன்று உண்டு. அங்கே சுமார் 1,910 மீட்டர் உயரமுள்ள வாந்தூ மலையின் அடிவாரத்தில் இதே மஸ்கட் ஹாம்பர்க் கொடியை இன்றும் பயிர் செய்கின்றனர். அம்மலையடிவாரத்திலிருந்து மேற்கே ரோன் நதிக்கரை வரையில் எங்கு நோக்கினும் திராட்சைத் தோட்டங்களே. அவற்றுள் பெரும்பாலானவை உண்ணும் பழத்திற்கானவையல்ல, மதுவிற்கானவை. அவ்வகையில் மிகப் பெயர்பெற்ற ஊர் ஷாதோநெஃப்-து-பாப் என்பது.

ரோன் நதிக்கரைத் தோட்டங்கள்

கத்தோலிக்க மதத்தின் தலைவரான போப்பாண்டவர்கள் 1309 முதல் 1377 வரையில் ரோமாபுரியை விட்டு, ரோன் நதிக்கரையிலுள்ள அவிஞோன் நகரத்தில் தங்கியிருந்தனர். அவர்களுள் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் அருகிலிருந்த சிற்றூரில் ஒரு கோட்டை கட்டினார். ஊரின் பெயருக்குப் 'போப்பின் புதுக்கோட்டை' என்றே பொருள். கோட்டை இன்று இடிந்து ஒரு சுவரளவில் நிற்கிறது, கொடிகளோ நிற்கின்றன.

நிலத்தைப் பார்த்தால் நம் குடியானவர் எவரும் அதனை விலைக்குக் கேட்கமாட்டார். பழைய ஆற்றுப்படுகை விட்டுச்சென்ற கூழாங்கற்கள், சில முஷ்டியளவும் சில தேங்காயளவுமாக, மண் கண்ணில் படாதபடி பல தோட்டங்களில் பரவிக்கிடக்கின்றன. அக்கற்கள் பகல் வெயிலை வாங்கி இரவில் வெளிவிடுகின்றன. கீழே ஈரம் விரைவில் ஆவியாகாமலும் காக்கின்றன. வடக்கிலிருந்து மிஸ்திரால் என்னும் வறண்ட காற்று பலமாக வீசும். அது கொடியை முறிக்கும். ஆனால் இலையின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சண நோயை விலக்குவதும் அதுவே. ஆகையால் அங்கே பெரும்பாலும் பந்தல் இல்லை. கொடியைக் குட்டையாகக் கவாத்து செய்து, சிறு செடிபோல் தனித்து நிற்கும்படி வளர்க்கின்றனர். நட்டு ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்த கொடிகள் அபூர்வமல்ல. அவை காய்ப்பது குறைவு; ஆனால் பழத்தின் சாரம் மிகுதி என்று அவற்றைப் பிடுங்காமல் விட்டுவைக்கின்றனர்.

விளைச்சலின் அளவு நமக்கு வியப்பளிக்கும். அங்கே ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், 3,500 லிட்டர் மதுவுக்கு மேல் எடுக்கலாகாது என்பது விதி. பழமாகக் கணக்கிட்டால் ஏக்கருக்குச் சுமார் 2 டன். கம்பத்தில் பன்னீர் திராட்சை ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 12 டன் வரை விளையக்கூடியது. உண்ணும் பழத்தையும் மதுப் பழத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாதெனினும், குறைவாக விளைவிக்க வேண்டுமென்று ஊரார் தாமே விதி செய்துகொண்டது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

மது தயாராகும் விதம்

அறுவடை பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில். ஷாதோநெஃபில் இயந்திரத்தால் அறுப்பதற்கு அனுமதியில்லை. கையாலேயே பறிக்க வேண்டும். பறித்தவற்றுள் அழுகினதையும் பழுக்காததையும் பொறுக்கி நீக்குவது கட்டாயம். பிறகு பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் பெருந்தொட்டிகளில் விடுகின்றனர். திராட்சைச் சாறு எந்நிறப் பழத்திலும் பெரும்பாலும் வெளிறியதே. செந்நிறம் தோலிலிருந்து இறங்குவது. பழத்தோலிலும் காற்றிலும் தொட்டியிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இட்லி மாவு பொங்குவதும் தென்னங்கள் புளித்து நுரைப்பதும் இவ்வகைச் செயல்களே. வாயு மேலெழும்போது தோல்களையும் தூக்கிக்கொண்டு வருமாதலால், தொட்டியின் மேல் தடித்த ஆடைபோல் படியும். அதனை நாள்தோறும் கீழே அமிழ்த்தியோ, அடியிலுள்ள சாற்றை மேலே இறைத்தோ நனைக்க வேண்டும். இல்லாவிடில் அது காடியாகிக் கெடும். உஷ்ணம் மிகுந்தாலும் ஈஸ்ட் இறந்துவிடும். ஆகையால் இக்காலத்தில் தொட்டிகளைக் குளிர்நீரால் ஆற்றுகின்றனர். இரண்டு மூன்று வாரங்களில் சாற்றை வடித்து, எஞ்சிய சக்கையைச் செக்கிலிடுவதுபோல் பிழிந்து, சிமெண்டுத் தொட்டிகளிலும் பெரிய மரப்பீப்பாய்களிலும் மாதக்கணக்கில் தெளியவிட்டுப் புட்டியில் அடைக்கின்றனர். இம்மதுவில் கலக்கலாமென்று ஒப்புக்கொள்ளப்பட்ட ரகங்கள் 13. அவற்றுள் தலைமையானது கிரெனாஷ்.

இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் சாராயச் சத்து 1 சதவீதம் உண்டாகும். ஷாதோநெஃப் மதுவில் அது 12.5 சதவீதத்திற்குக் குறையக்கூடாது என்பது விதி. வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கவும் கூடாது. ஆகவே லிட்டருக்கு 210 கிராமுக்கு மேல் சர்க்கரை ஏறும்படி பழம் கொடியிலேயே பழுத்தாக வேண்டும். மதுவின் பலத்தைப் பற்றிய விதிபோல் தோன்றும் இது, உண்மையில் காயைப் பறிக்காதே என்னும் விதியேயாம்.

மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்தும் மது உண்டாக்கலாம். சீன தேசத்தில் தியென்ஜின் நகரத்தில் பிரெஞ்சுக் கம்பெனியொன்றின் கூட்டுறவில் 1980-ல் தொடங்கிய தொழிற்சாலை முதலில் இப்பழத்தையே உபயோகித்தது. ஆனால் தமிழ்நாட்டில் அனுமதிச்சீட்டின்றி மது தயாரிப்பது, வீட்டு உபயோகத்திற்கேயாயினும், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். ஆகையால் மேலே கூறியது அறிவதற்கேயன்றிச் செய்து பார்ப்பதற்கன்று. பழத்தைச் சாறாகவும் ஜாமாகவும் ஆக்கி விற்பதற்கு அச்சட்டத்தால் இடையூறில்லை.

பூச்சியும் போலிச் சரக்கும்

இவ்விதிகள் செழிப்பில் பிறந்தவையல்ல. 1862-ல் ரோக்மோர் என்னும் ஊரின் மது வியாபாரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து சில திராட்சைக் கொடிகளை வரவழைத்துத் தம் தோட்டத்தில் நட்டார். அவ்வூர் ஷாதோநெஃபுக்கு எதிர்க்கரையில் உள்ளது. அடுத்த ஆண்டு முதல் அப்பக்கத்துக் கொடிகள் காரணமின்றிக் காயலாயின. பட்ட கொடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு வேரில் ஒன்றும் தென்படவில்லை. 1868-ல் பிளான்ஷோன் என்னும் பேராசிரியரும் அவரோடு சென்ற இருவரும், பட்டுப்போன கொடியை விட்டு, அதனருகில் இன்னும் பசுமையாய் நின்ற கொடியைப் பிடுங்கிப் பார்த்தனர். வேர் முழுவதும் மஞ்சள் நிறமான சிறு அசுவினிகள் மொய்த்திருந்தன. கொடி செத்தபின் பூச்சி அடுத்த கொடிக்குப் போய்விடுமாதலால், அதுவரையில் தேடியவர்கள் செத்த இடத்தில் தேடி ஏமாந்தனர். பயிர்நோயை ஆராயும் எவரும் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி இது.

ஃபிலாக்ஸெரா எனப்படும் அப்பூச்சி தேசமெங்கும் பரவிற்று. 1875-ல் சுமார் 840 கோடி லிட்டராக இருந்த பிரெஞ்சு மது உற்பத்தி 1889-ல் 230 கோடி லிட்டரளவிற்கு வீழ்ந்தது. மருந்து பலவும் பயன்படவில்லை. இறுதியில் பலித்தது, பூச்சியைக் கொண்டுவந்த அதே அமெரிக்கக் கொடிகளின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டும் முறையே. அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கக்கூடியது. இன்று நம் நாட்டிலும் டாக்ரிட்ஜ் என்னும் அமெரிக்க வேர்க்கொடியில் திராட்சையை ஒட்டுக்கட்டுவதுண்டு. இங்கு அது உப்பு நிலத்தையும் வறட்சியையும் நூற்புழுவையும் தாங்கும்பொருட்டு.

பூச்சியைவிடப் பொல்லாதது பின்னால் வந்தது. சரக்குக் குறைந்த காலத்தில் வியாபாரிகள் சர்க்கரையும் தண்ணீரும் உலர்ந்த திராட்சையும் கலந்து மது உண்டாக்கக் கற்றனர். தோட்டங்கள் ஒட்டுக்கொடியால் மீண்டு நல்ல பழம் காய்த்தபோது, போலிச் சரக்கு சந்தையில் அமர்ந்துவிட்டது. விலை அடிமட்டத்திற்குப் போயிற்று. 1907-ல் தென் பிரெஞ்சு தேசத்துக் குடியானவர்கள் மார்ஸலின் அல்பேர் என்னும் சிற்றூர்க்காரரின் தலைமையில் திரண்டனர். அவ்வாண்டு ஜூன் 9-ல் மான்பெலியே நகரத்தில் கூடியவர் ஐந்து லட்சத்திற்கும் மேலென்பர். நூற்றுக்கணக்கான ஊர்களில் நகரசபைத் தலைவர்கள் பதவி துறந்தனர். நார்பான் நகரத்தில் பட்டாளத்தார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. அம்மாத இறுதியிலேயே மதுவில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ப்பதை ஒடுக்கும் சட்டம் பிறந்தது. விளைச்சல் கணக்கை ஒவ்வொரு குடியானவரும் ஆண்டுதோறும் ஊர் அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டுமென்பதும் அச்சட்டத்தால் வந்த ஏற்பாடே.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

அக்காலத்திலேயே அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்தது. அதற்குக் கண்ட மருந்து இவ்வட்டாரத்தாரும் அறிந்ததே. போர்தோ நகரத்தை அடுத்த மெதோக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து விஷம்போல் நீலமாகத் தோன்றச் செய்வது வழக்கம். 1882-ல் மிலார்தே என்னும் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, உள்ளே இருந்த கொடிகள் நோயால் இலை உதிர்த்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருக்கக் கண்டார். 1885-ல் அவர் வெளியிட்ட கலவையே போர்டோ கலவை.

ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், சுண்ணாம்பை நீற்றி மற்ற 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து வடிகட்டி, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும்; மாற்றி ஊற்றலாகாது. மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் கலவையில் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். இக்கலவையைக் கலப்பவர் பலர். கத்தியை நனைத்துப் பார்ப்பவர் சிலரே. இலை கருகிவிட்டதென்று மருந்தைக் குறைகூறுவோரின் தோட்டத்தில் பெரும்பாலும் நேர்ந்திருப்பது இதுவே.

ஊரார் செய்த கட்டுப்பாடு

ஷாதோநெஃபுக்குத் திரும்புவோம். அவ்வூர் மது நெடுங்காலம் பீப்பாய் பீப்பாயாக வடக்கே சென்று, பர்கண்டி வியாபாரிகளின் மெலிந்த மதுவிற்குப் பலம் சேர்க்கவே பயன்பட்டது. அதே வேளையில் எங்கோ உண்டாக்கிய மது ஷாதோநெஃப் என்னும் பெயரில் விலைபோயிற்று. 1923-ல் ஊர்க் குடியானவர்கள், அங்கே தோட்டமுடையவரும் சட்டம் படித்தவருமான லெ ருவா பிரபுவை அணுகித் தங்கள் பெயரைக் காத்துத் தரும்படி வேண்டினர். பிறரைக் கண்டிக்குமுன் தாங்கள் ஒழுங்கிற்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அவர் உடன்பட்டார். ரகங்கள், கவாத்து, பழம் பொறுக்குதல், குறைந்தபட்சப் பலம் ஆகியவை அப்போது வகுக்கப்பட்டன. எந்நிலம் சேரும், எந்நிலம் சேராது என்பதற்கு அவர்கள் கண்ட அடையாளம் எளியது: லாவண்டரும் தைமும் ஆகிய இரு வாசனைப் புதர்களும் தாமே முளைக்கும் வறண்ட நிலமே திராட்சைக்குரியது. ஈரமும் வளமும் உள்ள நிலம் தள்ளப்பட்டது. வளமான நிலத்தை உடையவர்கள் தங்கள் நிலம் விலக்கப்படுவதைக் கண்டு மகிழ்ந்திருக்கமாட்டார்கள். வழக்குகள் மேல்நீதிமன்றங்கள் வரையில் சென்றன. 1935-ல் தேசமுழுமைக்கும் ஊர்ப்பெயர்ச் சட்டம் வந்தது. 1936-ல் அச்சட்டத்தின்கீழ் முதன்முதலில் பெயர்பெற்றவற்றுள் ஷாதோநெஃபும் ஒன்று.

எல்லை ஊர்க்கணக்கில் அன்று, புல எண் கணக்கில் வகுக்கப்பட்டது. ஷாதோநெஃப் என்னும் பெயருக்குரிய ஏறக்குறைய 3,200 ஹெக்டேர் நிலம் ஐந்து ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. ஒரே ஊரில் ஒரு வயல் உள்ளே, அடுத்தது வெளியே. இத்தகைய நிலத்தைத் தொழிற்சாலைக்கோ வீட்டுமனைக்கோ மாற்றும் திட்டங்கள் வருமாயின், ஊர்ப்பெயர்களைக் காக்கும் தேசிய நிறுவனத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமென்பது அங்குள்ள ஏற்பாடு. நிலம் மாறவே மாறாது என்பதில்லை, கேட்காமல் மாறாது.

தங்கள் தோட்டத்தின்மேல் அவ்வூரார்க்குள்ள பற்று சில வேளை நகைப்பிற்கிடமாவதும் உண்டு. 1954-ல் பறக்கும் தட்டுக்களைப் பற்றிய பேச்சு மிகுந்திருந்தபோது, அவை ஊரெல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாதென்று ஊர்த்தலைவர் எழுத்து மூலமாக உத்தரவே பிறப்பித்துவிட்டார். அதனை மீறி எதுவும் இறங்கியதாகப் புகார் இல்லை.

வாந்தூ மலையடிவாரத்தில் நம் பன்னீர் திராட்சையைப் பயிர் செய்வோர் இவையெல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்து வந்தவர்கள். மதுவிற்குக் கிடைத்த பெயர் உண்ணும் பழத்திற்கும் கிடைக்கலாமென்று முயன்று, 1997-ல் தங்கள் மஸ்கட் பழத்திற்கு ஊர்ப்பெயர் உரிமை பெற்றனர். பிரெஞ்சு தேசத்தில் அதற்குமுன் அவ்வுரிமை பெற்ற உண்ணும் திராட்சை மொய்ஸாக் ஊரின் ஷாஸ்லா ஒன்றே. வாந்தூ பழம் நன்கு கறுத்திருக்க வேண்டும். சர்க்கரை குறிப்பிட்ட அளவு ஏறியிருக்க வேண்டும். கொத்தில் அடிபட்ட பழம் ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் நீக்கி, மேலுள்ள வெண்பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்தே அடுக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், மழைமறைவில் உள்ளது. 1895-ல் பென்னிகுயிக் துரை கட்டிமுடித்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற்கு வருகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் முதலான சுமார் பத்து ஊர்களில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் கல்தூண் நாட்டிக் கம்பிப் பந்தலிட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கின்றனர். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

பிரெஞ்சு தேசத்தில் குளிர்காலத்தில் கொடி உறங்குகிறது. ஆண்டிற்கு ஓர் அறுவடையே. இங்கே கொடிக்கு உறக்கமில்லை. கவாத்துக் கத்தியே அதனை எழுப்புவது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களிலும், மே, ஜூனில் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரிலும் பழம் கிடைக்கும். நன்கு முற்றிய கிளையில் நான்கு கணு விட்டும், மெலிந்ததில் ஒன்றிரண்டு கணு விட்டும் வெட்டுவது முறை. தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றிக்கொள்வதால், ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் எங்கேனும் பழம் இருந்துகொண்டேயிருக்கும். இந்தியாவில் வேறெந்தத் திராட்சைப் பகுதிக்கும் எளிதில் வாய்க்காத அனுகூலம் இது.

அனுகூலத்தோடு ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் விதையில்லாத் திராட்சை ஆண்டின் தொடக்க மாதங்களில் சந்தைக்கு வரும்போது பன்னீரின் விலை இறங்கும். அதற்குமுன் விற்றுவிட வேண்டுமென்னும் அவசரத்தில், நிறம் ஏறியவுடன் புளிப்பு மாறாத பழத்தையும் பறிக்க மனம் தூண்டும். வாழையும் மாவும் பறித்தபின் பழுக்கும், திராட்சை பழுக்காது. கொடியில் ஏறாத சர்க்கரை கூடையில் ஏறுவதில்லை. ஒரகடத்து வண்டியில் ஒருமுறை புளித்த பழம் வாங்கிய தொழிலாளி, அது எந்தத் தோட்டத்துப் பழமென்று விசாரிப்பதில்லை. பன்னீர் திராட்சையே புளிப்பென்று அடுத்த முறை வேறு பழம் வாங்குகிறார். ஒருவர் அவசரப்பட்டதற்குப் பத்து ஊரும் விலை கொடுக்கிறது. லெ ருவா பிரபுவிடம் சென்ற குடியானவர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே.

2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த மத்திய சட்டத்தின்படி, சென்னையிலுள்ள பதிவகம் இதனைப் பதிவு செய்கிறது. இப்பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் பெயர் பதிவானதாலேயே அப்பெயரைப் பெட்டியில் அச்சிடும் உரிமை ஒவ்வொரு குடியானவருக்கும் வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட உபயோகஸ்தராக ஒவ்வொருவரும் தனியே விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாதவருக்கு, பிறர் அப்பெயரைப் பொய்யாக இடும்போது வழக்காடும் உரிமையும் இல்லை. கம்பத்தில் உறவினரோ நண்பரோ உடைய வாசகர்கள் இதனை அவர்களுக்குத் தெரிவிப்பது உபகாரம். சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கருவி ஒன்றை ஊர்ச் சங்கம் வாங்கி வைத்துக்கொண்டு, லாரி ஏற்றுமுன் சோதிக்கலாம். அதற்கு அரசாங்க உத்தரவு வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஷாதோநெஃபில் ஊர் விதி முன்னும் சட்டம் பின்னுமாகவே வந்தன.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்

இனி முதலில் எழுந்த கேள்விக்கு விடை. இவ்வட்டாரத்தில் வியாபாரத்திற்காகத் திராட்சை பயிரிடுவது உசிதமன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும், கடல் அருகிலிருப்பதால் காற்றில் நிற்கும் ஈரமும் அடிச்சாம்பல் நோய்க்கு மிக உகந்தவை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்ததைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏரிக்கீழ்க் கழனியில் நீர் தேங்கும். திராட்சை வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது. கல்தூணும் கம்பியும் பெருஞ்செலவு. வீட்டுக் கொல்லையில் நிழலுக்கும் பிள்ளைகளுக்குமாக இரண்டொரு கொடி படரவிடலாம். டிசம்பர் மழை ஓய்ந்தபின் கவாத்து செய்தால் கோடையில் சில கொத்துக்கள் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

ஆனால் கொடி வராத இடத்திற்கும் ஷாதோநெஃபிலிருந்து வரத்தக்கது ஒன்று உண்டு. இந்தப் பக்கத்துப் பெயரையே தாங்கிய செங்கல்பட்டு சிறுமணி என்னும் பாரம்பரிய நெல் ரகம் இன்றும் வழக்கில் உள்ளது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் அமைந்து, கழனிகள் பல கைமாறியபின், எந்த மதகின் கீழ், எந்தப் புல எண்ணில், எந்த நெல் எத்தனை தலைமுறையாக விளைந்தது என்பதைச் சொல்லக்கூடியவர் குறைந்து வருகின்றனர். பெயர் கோரி மனுச் செய்யும் எவரிடமும் பதிவகம் முதலில் கேட்பது, அப்பொருள் அவ்விடத்திற்குரியது என்பதற்குப் பழைய எழுத்துச் சான்று. ருசியையும் மணத்தையும் வாயால் எவ்வளவு புகழ்ந்தாலும் சான்றாகாது.

ஆகையால் கிராம நிர்வாக அலுவலர்கள் பசலிதோறும் அடங்கலில் பயிர் எழுதும்போது, நெல் என்பதோடு நில்லாமல், பாரம்பரிய ரகமாயின் அதன் பெயரையும் நிலத்தின் வழக்குப் பெயரையும் தனியொரு நோட்டுப் புத்தகத்திலாவது குறித்து வரலாம். ரகத்தின் பெயர், விதை யாரிடமிருந்து வந்தது, விதைத்த தேதி, அறுத்த தேதி, எந்த மடை, எத்தனை மூட்டை ஆகிய ஆறு விவரங்கள் போதும். நிலமுடையவர்கள் ஒவ்வொரு அறுவடையிலும் அரைப்படி நெல்லை நன்கு உலர்த்தி, இவ்விவரச் சீட்டோடு புட்டியில் அடைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டினால், ரகக் கலப்பு உண்டா என்பதைப் பார்த்துச் சொல்வார்கள். சம்பா அறுவடை தை மாதத்தில் தொடங்குமாதலால், புட்டிகளையும் நோட்டுப் புத்தகத்தையும் மார்கழிக்குள் சித்தம் செய்துகொள்வது நலம்.